பல் டாக்டர் வீட்டுச் சுறா

இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று மச்சினன் போன் செய்த அன்றுதான், சுறா வளர்ப்பது என்று பல் டாக்டர் முடிவு கட்டினார்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்த வீட்டில் டாக்டருடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது பின்னறை ஒன்றுதான். அதில் கிளினிக்கிலிருந்து ஓய்வு பெற்ற பழைய பல் நாற்காலி. பெடலை மிதித்தால் முதுகு சாயும், கால் உயரும். ஞாயிற்றுக்கிழமை அதில் சாய்ந்து பேப்பர் படிக்கலாம் என்ற ஒரே ஆசையில்தான் மனுஷர் மற்ற ஆறு நாளும் ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன தடவை பத்து நாளைக்கென்று வந்த மச்சினன் அந்த நாற்காலியில் சாய்ந்தான். நாலு மாதம் கழித்துத்தான் நிமிர்ந்தான்.

இந்தத் தடவை அறையில் ஆள் படுக்க இடமே இருக்கக் கூடாது. அலமாரி வைத்தால் மனைவி நகர்த்திவிடுவாள். சுறாவை யார் நகர்த்துவார்கள்?

"பின்னறை பூரா தொட்டி. உள்ள சுறா. முடிவு பண்ணிட்டேன்!" என்று காபியைக் கீழே வைத்துவிட்டு முழங்கினார். மனைவி கத்துவாள், அழுவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் நின்று, பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"என்ன சுறாங்க?"



"என்ன சுறான்னா? வெள்ளைச் சுறா! வரிசை வரிசையாப் பல்லு. விழ விழ முளைக்கும். என் தொழிலுக்கே எதிரி."

"அது நிக்காம நீந்தணும். நின்னா மூச்சுப் போயிடும். நம்ம அறையில ரெண்டு தடவை வாலை ஆட்டினா மூக்கு சுவத்துல இடிக்கும்."

"அப்ப புலிச் சுறா."

"கண்டதையும் முழுங்கும். உங்க மூக்குக் கண்ணாடிய அப்புறம் எங்க போய்த் தேடறது?"

"நர்ஸ் சுறான்னு ஒண்ணு இருக்காமே?"

"பத்தடி வளரும். அது சரி, அந்தப் பேரைச் சொல்லும்போது எதுக்கு உங்க மூஞ்சி இப்படி மலருது?"

டாக்டர் முகத்தைச் சட்டென்று சுருக்கிக்கொண்டார். "சரி தாயே, நீயே சொல்லு."

"மூங்கில் சுறா. மூணடிதான். தரையோட ஒட்டிச் சும்மா கிடக்கும். படுத்துக்கிட்டே மூச்சு விடும். பகல் முழுக்கத் தூங்கும். வேளைக்கு இறால் போட்டுட்டா ஒரு தொந்தரவும் இல்ல."

அப்படி ஒரு ஜீவன் ஏற்கெனவே நம் குடும்பத்தில் இருக்கிறதே என்று நாக்கு நுனிவரை வந்தது. காரியம் கைகூடும் நேரத்தில் வாயைக் கொடுப்பானேன் என்று விழுங்கிவிட்டார். இவளுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்றும் அவர் யோசிக்கவில்லை. நூலகர் ஆயிற்றே, எதிலாவது படித்திருப்பாள்.

தொட்டிக்கு அளவு சொன்னதும் அவள்தான். தொட்டி வந்தது. உப்பைக் கரைத்தார்கள், மணலைப் பரப்பினார்கள், தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் காத்திருந்தார்கள். சுறா வந்து மணலில் படுத்தது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பல் நாற்காலி மட்டும் கச்சிதமாக அடங்கியது. ஒரு பாய் விரிக்க இடமில்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சினன் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"மாப்பிள்ளே, என் மனசே ஆறல! உன்னைப் படுக்க வைக்க இடமில்லாமப் போச்சே!" என்று டாக்டர் அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய் அறையைக் காட்டினார்.

மச்சினன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் கை விட்டான். பகலெல்லாம் அசையாத சுறா எழுந்து வந்து அவன் உள்ளங்கையை முகர்ந்தது.

ஈர விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவன் அக்கா பக்கம் திரும்பினான். "உப்பு சரியா இருக்குக்கா. சூடுதான் கொஞ்சம் குறையணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"என்னத்தான் இப்படிக் கேக்கறீங்க? பதினெட்டு வருஷம் கடல்மீன் காட்சிச்சாலையில சுறாப் பிரிவுலதானே இருந்தேன்? போன தடவை மராமத்துக்கு மூடியிருந்தாங்க, அதான் நாலு மாசம் தங்கினேன். இந்தத் தடவை பத்து நாள் லீவுலதான் வர்றதா இருந்தேன், சுறாவைப் பாத்துக்கன்னு அக்கா கூப்பிட்டதும் வேலையை விட்டுட்டு வந்துட்டேன்."

டாக்டர் திறந்த வாயை மூடவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், மச்சினன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் தங்கிவிடுவான் என்று பயம்.

"சுறாவைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இத்தனை வருஷமா தம்பி சொன்னதுதாங்க. தொட்டி அளவும் அவன்தான் போன்ல சொன்னான்," என்றாள் மனைவி. "நீங்க கிளினிக்குப் போயிடுவீங்க, நான் நூலகம் போயிடுவேன். பக்கத்துலயே ஒரு ஆள் இருக்க வேணாமா?"

மச்சினன் பெடலை மிதித்தான். நாற்காலி சாய்ந்தது. அவன் கண்ணும் சொருகியது. தொட்டிக்குள் சுறாவும் மறுபடி படுத்துவிட்டது.

"பத்து நாள்தானே?" என்றார் டாக்டர், ஈனஸ்வரத்தில்.

மனைவி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நல்லாப் பாத்துக்கிட்டா மூங்கில் சுறாவுக்கு ஆயுசு இருபத்தஞ்சு வருஷங்க."