மரவட்டை டாக்டர் போட்ட சதவீதம்

ஒரு காட்டில், சிங்கம் சிம்மாசனத்தில் சும்மா உட்கார்ந்திருக்க ரப்பர் ஸ்டாம்ப் ஆட்சி நடத்திய காலத்தில், மாசிலாமணி என்றொரு கீரி இருந்தது. எல்லைச் சண்டையில் விரியன் கடித்து, முன்னங்கால் ஒன்று அழுகி விழுந்துபோன பழைய ஹவில்தார். தத்தித் தத்தி ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி தாகமெடுக்கும். ஆற்றங்கரையில் ஒரு வளை காலியாக இருந்தது. ஊனம் இருபது சதவீதமாவது இருக்கிற முன்னாள் படைவீரருக்குத்தான் அது என்று சட்டம்.

சதவீதம் போடுகிற டாக்டர் ஒரு மரவட்டை. அதற்குச் சரியாக நூறு கால். கீரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியது.

“போனது ஒரு கால். ஒரு சதவீதம்.”

“ஐயா, எனக்கு இருந்ததே நாலுங்க.”

“அதுக்கு நான் என்ன பண்றது? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று மரவட்டை சுருள ஆரம்பித்தது. அது சுருண்டால் அன்றைக்கு ஆபீஸ் முடிந்தது. வரிசையில் நின்ற ஆமையும் முள்ளம்பன்றியும், எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்று கீரியை ஓரங்கட்டின.

அடுத்து வந்தது ஒரு விரியன். கீரியின் காலைக் கடித்த அதே விரியன். சமாதானம் ஆனபிறகு இந்தக் காட்டுப் படையிலேயே சேர்ந்து, ஆறு மாதம் குடோனில் படுத்துத் தூங்கி ஓய்வு பெற்றது. மரவட்டை அதன் தலையிலிருந்து வால்வரை கால் தேடியது. ஒன்றுகூட அகப்படவில்லை. கண் கலங்கி நூறு சதவீதம் போட்டது. ஆற்றங்கரை வளையும் விரியனுக்கே போயிற்று.

கீரிக்கு வயிறு எரிந்தது.

மரவட்டை சட்டப் புத்தகத்தைப் புரட்டியது. நூறு சதவீதக்காரருக்கு ராப்பகல் கூடவே தங்க ஒரு துணையாள் கட்டாயம். ஒரு சதவீதக்காரர் வேலைக்குத் தகுதியானவர். ஆக, விரியனுக்குத் துணையாள் மாசிலாமணி; தங்குமிடம் அதே வளை. ஒரே குத்தில் இரண்டு ஃபைலும் தீர்ந்தது.

கீரி மீசையை நக்கிக்கொண்டது.

விரியன் பதறி மரவட்டையிடம் ஊர்ந்து வந்தது. “டாக்டரய்யா, எனக்குக் கால் பொறப்புலயே கிடையாதுங்க. அதனால ஒரு கொறையும் இல்ல. சதவீதத்தைக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்களேன்.”

இவ்வளவு தன்மானமுள்ள வீரரைத் தான் பார்த்ததே இல்லை என்று உருகிப்போன மரவட்டை, ஸ்டாம்பை இன்னொரு தடவை அழுத்திக் குத்தியது. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் ஆகும், அதுவரை துணையாளை விட்டு அங்குலம் நகரக்கூடாது என்றும் சொல்லி அனுப்பியது.

விரியன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தது. “மெதுவாப் போங்கண்ணே, விழுந்துறப் போறீங்க” என்றபடி மாசிலாமணி மூன்று காலில் பின்னாலேயே போனது.

நீதி: ஊனச் சான்றிதழ் கிடைக்கவில்லையென்று மனம் தளராதே, கிடைத்தவனுக்குத் துணையாளாகப் போ. வீட்டுக்கு வீடும் ஆச்சு, சாப்பாட்டுக்குச் சாப்பாடும் ஆச்சு.