வண்டிக்கு ஆறு இழுப்பறை

"இனிமே என் வண்டியில எவன் கட்டிலும் ஏறாது" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சத்தியம் செய்தார் திருப்புளி.

அவருக்கு வேறு பெயர் உண்டு. சட்டைப் பையிலிருந்து எந்நேரமும் ஒரு திருப்புளி எட்டிப் பார்ப்பதால் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லீவு நாளில் சும்மா உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊரும். அதற்காகவே பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினார். வண்டி அவருடையது, பின்பக்கத் தொட்டி மட்டும் ஊருக்குச் சொந்தம். எதிர்வீட்டு சோபா, மாடிவீட்டு பீரோ, எல்லாவற்றுக்கும் மேலே மச்சினன். அவன் ஆறு மாதத்துக்கு ஒரு வீடு மாறுகிறவன்.

"பின்னாடி பூரா இழுப்பறை வச்சு அடைச்சிடறேன். கேட்டா இடமில்லைன்னு சொல்லிடலாம்."

"நல்ல யோசனைங்க" என்றாள் மனைவி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக அடுப்பு மேடைக்குக் கீழே இழுப்பறை கேட்டு வாய் வலித்தவள் அவள். தவழ்கிற குழந்தை பாத்திரமெல்லாம் உருட்டி, நேற்றுக் கத்தியையே கையில் எடுத்துவிட்டது. சண்டை வருமென்று நாலு பதில் தயாராக வைத்திருந்தார். நாலும் வீணாய்ப் போயின.

"அப்போ சமையலறை?" என்று அவரே கேட்டார்.

"அது கிடக்குது. முதல்ல வண்டியைப் பாருங்க."

மனுஷன் உருகிப் போனார்.

டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் தொட்டிக்குள் குனிந்துகொள்ள, மறுமுனையில் அவள் அளவைச் சொன்னாள். யோசனையும் சொன்னாள்.

"கழட்டி மாட்டற மாதிரி செஞ்சா கழுவலாம்ல?"

"செய்யலாம்."

"அடியில குட்டியா கால் வச்சா ஈரம் படாது."

"அட, ஆமா."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொக்கி. வண்டி குலுங்கினா திறந்துக்கும். அப்புறம் கரண்டிக்கு… ஸ்பானருக்குத் தனித் தடுப்பு."

"உனக்கு இவ்ளோ மூளை இருக்கும்னு தெரியாமப் போச்சே."

"எனக்கும் இப்பதாங்க தெரியுது."

மூன்று வாரம் அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு கையில் சாப்பாடு, மறு கையில் உப்புத்தாள். தலையெல்லாம் மரத்தூள். ஆறு இழுப்பறையையும் வண்டியில் மாட்டி முடித்தபோது ஒரு பக்கம் நாலு விரல் சந்து விழுந்தது.

"ஏன் இடிக்குது அளவு?"

"காத்துப் போக வேணாமா?" என்றாள்.

காற்றுப் போக விட்ட சந்து தன் சொந்த யோசனை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

மச்சினன் போன் செய்தான். "மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை வண்டி…"

"இடமே இல்ல மாப்ள. வந்து வேணா பாத்துட்டுப் போ."

போனை வைத்துவிட்டு ராஜா மாதிரி நடந்தார்.

ஞாயிறு காலை ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஆள் வந்து அவசரமாய்க் கூட்டிப் போனான். மதியம் திரும்பினால், வாசலில் வண்டித் தொட்டி துடைத்துவிட்ட தட்டு மாதிரி காலி. மச்சினன் அதில் தன் கட்டிலை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"வந்து பாக்கச் சொன்னீங்களே மாமா. பாத்தேன். இடம் நிறைய இருக்கு."

திருப்புளி உள்ளே ஓடினார். அடுப்பு மேடைக்குக் கீழே ஆறு இழுப்பறையும் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தன. குழந்தை ஒரு கொக்கியை இழுத்துப் பார்த்து, தோற்று, அழுதுகொண்டிருந்தது.

"இது… இது வண்டி அளவாச்சே."

"டேப்புல அளவைப் படிச்சது நான்தானே" என்று சொல்லிக்கொண்டே கத்திகளை அடுக்கினாள். "தம்பிதான் தூக்கிட்டு வந்து மாட்டினான். பாவம், சும்மா அனுப்ப முடியுமா?"

"மூணு வாரம், ஒரு வார்த்தை…"

"வீட்டுக்குன்னு சொன்னா உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்குமே."

திருப்புளி இனி டேப்பைத் தொடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"வெறும் தொட்டி பாக்கவே ஒரு மாதிரி இருக்குங்க. மூணு பக்கமும் கண்ணாடி வச்ச அலமாரி ஒண்ணு போட்டா வண்டி எடுப்பா இருக்கும்ல?"

"அகலம் எவ்ளோ?" என்றார் அவர்.