நீலக் கிண்ணத்துத் தயிரும் என் தலையும்

மர்கிலான்,
ஜூன் மூன்று

ஓய்தினின் அம்மாவுக்கு,

நீயும் மகளும், பிறந்து இருபத்தாறு நாளான பேரனும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் ஆடும் நலம். தொலைபேசியில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு வரிசை மறந்துவிடுகிறது. அதனால் எழுதி, செர்ரிக் கூடையோடு தாஷ்கண்ட் டாக்சிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். சொல்ல வேண்டியவை:

1. ஷாம்பூவை விட்டுவிட்டேன். தலை அரிப்பு நின்றது.
2. வெந்நீர் விஷயத்தில் தவறு என்னுடையது.
3. உன் அம்மா கொடுத்த உறைத் தயிரை அழித்துவிட்டேன்.
4. அதற்குப் பதிலாக வந்திருக்கும் உறை உனக்குப் பிடிக்காது.

மூன்றாவதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். துணிச்சல் வரவில்லை.

வாத்தியாராக இருந்த காலமெல்லாம் தோளில் விழுவது சுண்ணக்கட்டித் தூள் என்று நினைத்திருந்தேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அது விழுந்துகொண்டே இருந்தது. நீ சொன்னபடி ஷாம்பூப் புட்டியைப் பரணில் வைத்தேன். (எறியவில்லை, என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.) கடைத்தெருவில் தயிர் வாங்கி, வாரம் இரண்டு முறை, கடிகாரம் பார்த்து அரை மணி நேரம் ஊறினேன். முதல் தடவை சுத்தமாகப் போகட்டும் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினேன், தயிர் தலையிலேயே திரிந்து கட்டி கட்டியாகிவிட்டது, சீப்புக்கும் வரவில்லை, தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனால் ஒரு பூனை கூடவே வருகிறது, நான் நின்றால் அதுவும் நிற்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த எர்காஷ் விடுவானா?

“என்ன வாத்தியாரே, தொப்பிக்குள்ள தயிர் உருண்டை காயப் போட்டிருக்கீங்களா? ரெண்டு எடுங்க, டீக்குத் தொட்டுக்கலாம்!”

மூன்றாம் வாரம் அதே எர்காஷ் என் காதோரம் குனிந்து, “எந்தக் கடைத் தயிர்?” என்று ரகசியமாகக் கேட்டான். முடி அவ்வளவு மிருதுவாகிவிட்டது. எனக்கே அடிக்கடி தடவிப் பார்க்கத் தோன்றுகிறது.

அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. வெள்ளைக் கிண்ணம் தலைக்கு, நீலக் கிண்ணம் உறைக்கு என்று நானே சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் தலையில் பூசுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டுக் காலைப் புலாவ் விருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பூசிவிட்டு, மணி பார்க்கக் கண்ணாடியைப் போட்டேன். எதிரே காலியாக நீலக் கிண்ணம். நம் கல்யாணத்தன்று உன் அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்தது, நாற்பத்தொரு வருடம் புதுப் பாலில் உறை விட்டு விட்டு நீ காப்பாற்றியது, “இந்தத் தெருவுலயே இந்த ருசி கெடையாது” என்று நீ யாருக்கும் ஒரு கரண்டி கொடுக்காதது, அத்தனையும் என் தலையில். கொஞ்சம் வழித்துக் காய்ச்சிய பாலில் விட்டுப் பார்த்தேன். முடிதான் மிதந்தது.

கடைசியில் கிண்ணத்தோடு அடுத்த வீட்டு ஹோசியத் அக்காவிடம் போய், உறையைத் தலையில் பூசிக்கொண்ட உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குடுங்க இப்படி” என்று உறை ஊற்றித் தந்தார். நீ ‘தண்ணித் தயிர்’ என்பாயே, அதே தயிர்தான். எனக்கு ருசியில் வித்தியாசம் தெரியவில்லை. என் நாக்கை நம்பாதே. பேரனுக்கு நாற்பது நாள் முடிந்து நீ வந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பேரனின் உச்சந்தலைக்கு என் முத்தம். ஓய்தினுக்கு நீண்ட ஆயுளும், உனக்குப் பொறுமையும் வாய்க்கட்டும்.

குற்ற உணர்வுடன்,
சோதிக்

பின்குறிப்பு: ரொட்டி கொடுக்க வந்த ஹோசியத் அக்காவிடம், பிழை இருந்தால் திருத்தலாம் என்று இதைப் படித்துக் காட்டினேன். மூன்றாவதில் நிறுத்தினார்.

“அவ அம்மா குடுத்த உறையா? அது ஓய்தின் கல்யாணத்துக்கு மொத நாளே போச்சே, வாத்தியாரே! உங்க வீட்டுக்காரியே தலைக்குத் தேச்சுக் குளிச்சுட்டு எங்க வாசல்ல வந்து அழுதா. நான்தான் எங்க வீட்டு உறையக் குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு... ஐயையோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆகவே மூன்றாவது குறிப்பு தவறு. அடித்துவிடு. நான்காவது உன் விருப்பம்.