ராகு காலத்தில் நான்காம் நம்பர் அறை

படித்த முட்டாளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவன் செய்கிற அசட்டுத்தனத்துக்கு ஒரு கொள்கை விளக்கமும் கைவசம் இருக்கும். சமூகப்பணிப் பட்டம் வாங்கிய கையோடு மயிலாடுதுறைக்கு வேலைக்குப் போனபோது, என்னிடம் அப்படிப்பட்ட விளக்கங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன.

ஊரில் பாதிப் பேர் துபாய்க்கும் திருப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களில் பலர் வீடு கட்டினார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனவர்களில் சிலர் பேருந்து நிலையத்தில் படுத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக அரசு ஒரு திட்டம் போட்டது. ராத்திரி படுக்கவிட்டுக் காலையில் எழுப்பி விரட்டும் காப்பகம் இல்லை. ஆளுக்கு ஓர் அறை, சொந்தப் பூட்டு, உயிரோடு இருக்கும்வரை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. மாத்திரை வாங்கித் தரவும் ரேஷன் கார்டுக்கு அலையவும் கூடவே ஒரு துணை ஆள். அந்தத் துணை ஆள் நான்தான். (ஒப்பந்த வேலை. ஆனால் நடை மட்டும் கலெக்டர் நடை!)

நான்காம் நம்பர் அறை முத்துலட்சுமியம்மாவுக்கு. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வீட்டை விற்றவர். மகன் போனான், இரண்டு கடிதம் போட்டான், அதோடு சரி. ஒன்பது வருஷமாக அவருக்குப் பேருந்து நிலையம்தான் வாசம்.

திட்டத்தில் ஒரு பாழாய்ப்போன விதி இருந்தது. சாவி கொடுக்கும் நாளில் பெரிய அதிகாரி பார்க்க வரும்போது அறையில் ஆள் இல்லாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. அறை அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் ஓர் உள்ளூர்ப் பிரமுகரின் மச்சான். மாடி வீட்டுக்காரர் வீடில்லாதவர் பட்டியலுக்குள் எப்படி நுழைந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள், ரத்தம் கொதிக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மற்ற எல்லோரும் காலையிலேயே நல்ல நேரம் பார்த்துக் குடிபோய்விட்டார்கள். முத்துலட்சுமியம்மாவின் படிவத்தில் மட்டும் ஒரு கையெழுத்து வாங்க மறந்திருந்தேன். அதற்கு நாயாய் அலைந்து, சாவியோடு நான் திரும்பியபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

“வாங்கம்மா, உள்ள போங்க!”

வாசல் குழாயடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை.

“ராகு காலம் தம்பி. நாலரை ஆவட்டும்.”

“நாலு மணிக்கு அதிகாரி வர்றாரும்மா! ஆள் இல்லன்னா ரூம் போயிடும்!”

“செவ்வாக்கெழமைங்கிறதயே பொறுத்துக்கிட்டேன். ராகு காலத்துல நான் மாட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒம்பது வருஷமா பஸ் ஸ்டாண்டுல படுத்தீங்களே, அங்க ராகு காலம் பாத்தா படுத்தீங்க?”

“அங்க எதுக்குப் பாக்கணும்? வீடுன்னாதானே பாக்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, “நேரங்காலம் பாக்காம ஒரு வீட்ட வித்துட்டுப் பட்டது போதும் தம்பி. இதுவும் போயிடக் கூடாது” என்றார்.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் வாயை மூடியிருப்பான். நான் சூரியன், பூமி, கிரகணம் என்று பத்து நிமிஷம் வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிதான் தம்பி. நாலரைக்குப் போறேன்” என்றார்.

“நான் போறேன் உள்ள! என்ன ஆவுதுன்னு நீங்களே பாருங்க!” என்று பூட்டைத் திறந்து, உள்ளே போய், வீராவேசமாகக் கதவை அறைந்து சாத்தினேன்.

ஐப்பசி மழையில் ஊறியிருந்த புதுக் கதவு சட்டத்தோடு இறுகிக்கொண்டது. உள்பக்கமாக இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்தது.

“அம்மா, கொஞ்சம் கதவத் தள்ளுங்க!”

“நல்லாருக்கே! ராகு காலத்துல என் புது வீட்டுக் கதவத் தள்ளச் சொல்றியா?”

பக்கத்து அறைக்காரர்களைக் கெஞ்சினேன். ஆறு ஆண்பிள்ளைகள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். “அந்தம்மா வீடுங்க. அவங்கதான் மொதல்ல தொறக்கணும், நாங்க எப்படித் தொடறது?” என்றார்கள். அட போங்கய்யா!

சரியாக நாலுக்கு ஜீப் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் அதிகாரி அவசரத்தில் இருந்தார். கூடவே ஒரு பத்திரிகைக்காரர்.

“நாலாம் நம்பர்ல ஆள் இருக்கா?”

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சட்டையெல்லாம் சுண்ணாம்பு அப்பி, தாடியும் வேர்வையுமாக நான். “சார், நான் வந்து...” என்று ஆரம்பித்தேன். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் முத்துலட்சுமியம்மா மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். நான் உண்மையைச் சொன்னால் அறை மச்சானுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கும்பிடு போட்டேன்.

அதிகாரி பெயரைக்கூடப் பார்க்காமல் காகிதத்தில் ஒரு டிக் போட்டார். “இனிமே குடியக் கொறச்சுக்கப்பா” என்று எனக்கு அறிவுரையும் சொன்னார். கேமரா பளிச்சென்றது.

நாலு முப்பத்தொன்றுக்கு முத்துலட்சுமியம்மா கதவைத் தள்ளினார். (பின்னால்தான் என் நெற்றி இருந்தது.) வலது காலை எடுத்து வைத்து வந்து, டீக்கடை பாய் கொடுத்த பாலைக் காய்ச்சி, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, திறந்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

மறுநாள் பேப்பரில் என் படம்: ‘வீடற்ற வாலிபருக்கு விடிவு’. மதியமே திருக்காட்டுப்பள்ளியிலிருந்து அம்மா பஸ் பிடித்து வந்து நின்றாள். “ஏண்டா, மெஸ்ஸோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்னு சொன்னியேடா!” என்று ஒரே அழுகை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் முத்துலட்சுமியம்மா ஊரெல்லாம் ஒரு கதையைப் பரப்பிவிட்டார்: “அந்தத் தம்பி என் வீட்டு ராகு காலத்த முழுசா தன் மேல வாங்கிக்கிச்சு.” அவர் அந்த அறையில் பதினொரு வருஷம் நிம்மதியாக வாழ்ந்து, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். கதை ஊர்ஜிதமாகிவிட்டது. அதன்பிறகு யாருக்கு அறை கிடைத்தாலும், “சார் வந்து மொதல்ல ஒரு ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டுப் போவட்டும்” என்றார்கள். மறுத்தால் குடிபோக மாட்டார்கள். என்ன செய்வது, போய் உட்கார்ந்தேன். என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று என் மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

போன மாதம் என் மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் படிப்பு, கை நிறையச் சம்பளம். “அப்பா, புது ஃபிளாட் சாவி வெள்ளிக்கிழமை காலையில பதினொரு மணிக்குத்தான் தருவாங்களாம். எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்லப்பா. இருந்தாலும் நீங்க கொஞ்சம் வந்து உக்காருங்களேன்.”

டிக்கெட்டும் அவளே போட்டுவிட்டாள்.