தலைநகரில் தலை கொடுத்தேன்

இந்த விடுமுறையில் என் மனைவியின் கண்ணில் ஒரு துணிக்கடைகூடப் படக்கூடாது என்று சபதம் எடுத்தேன்.

நான் பல் டாக்டர். கிளினிக்கில் எல்லாரும் என் முன்னால் வாயைத் திறப்பார்கள். வீட்டில் நான் வாயைத் திறப்பதில்லை. போன விடுமுறை முழுக்கக் கடை வாசல்களில் பை சுமந்து நின்றதில் தோள் இரண்டும் இறங்கிவிட்டன. அதனால் ரொம்ப யோசித்து, ராஜாக்கள் ஆண்டு அழிந்துபோன ஒரு பழைய தலைநகரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இடிந்த மதிலுக்குள் எவன் கடை விரிக்கப் போகிறான்?

"அங்க என்னங்க இருக்கு?"

"சரித்திரம்."

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்ல." சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"சரி, போலாம்."

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

போய் இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய தூரம் உடைந்த தூண், சரிந்த சுவர். மனசு குளிர்ந்தது.

"கைடு வெச்சுக்கலாமா?" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" ரயிலில் ஒரு புத்தகத்தைப் புரட்டிய தைரியம். "இந்த மேடைலதான் ராஜா உக்காந்து நியாயம் சொல்லுவார்."

"ராணி?"

"அந்தப்புரம்."

"எந்தப்புறம்?"

கேட்டது அவள் இல்லை. தொப்பி போட்ட ஒரு பெரியவர். அவர் பின்னால் ஒரு பஸ் கூட்டம்.

"எங்க கைடு வரலைங்க. நீங்க பிரமாதமா சொல்றீங்களே!"

"இவர் சரித்திரத்தைக் கரைச்சுக் குடிச்சவருங்க," என்றாள் மனைவி. "கூச்சப்படுவார். விட்டுடாதீங்க!"

கல்யாணம் ஆன நாளாக அவள் என்னைப் புகழ்ந்து கேட்டதில்லை. நெஞ்சு விம்மியது. மேடை ஏறிவிட்டேன்.

யானை லாயம், குளம், காவல் கோபுரம் என்று வெளுத்து வாங்கினேன். எல்லாரும் வாயைப் பிளந்தபடி கேட்டார்கள். அதில் இரண்டு பேருக்குக் கடைவாயில் சொத்தை. தெரியாத கட்டடம் வந்தால் ராஜாவுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைத்து, அது புது ராணியின் மாளிகை என்றேன்.

அஞ்சாவது ராணியிடம் வந்தபோதுதான் என் ராணியைக் காணவில்லை என்று கவனித்து, விசாரித்தேன்.

"அவங்களா?" என்றார் தொப்பிக்காரர். "எங்க வீட்டுப் பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போயிட்டாங்களே. மதிலுக்கு அந்தப் பக்கம் நெசவுக்காரங்க தெருவாம்!"

பின்வாசலுக்கு ஓடப் பார்த்தேன். "அஞ்சாவது ராணி என்ன ஆனாங்க?" என்று கூட்டம் வழி மறித்தது. கோட்டை பார்க்க வந்து கோட்டை விட்டேன்.

வெயில் சாயும்போது வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி வந்தது. வண்டி நிறைய மூட்டை.

"இது என்ன?"

"சரித்திரங்க. ராஜா காலத்து நெசவு. ஊர்ப் பேரைச் சொன்ன அன்னைக்கே பக்கத்து வீட்டு அக்கா சொல்லிட்டாங்க."

"போதும்மா. நாளைக்குக் காலைல கிளம்பிடலாம்."

"நாளைக்கு எப்படிங்க முடியும்? இன்னொரு பஸ் வருது, நீங்க பேசுவீங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன். நான் இன்னும் பாத்திரக்காரங்க தெருவைப் பாக்கவே இல்லையே!"