வீட்டுக்குள் வராத தாங்கி

"இனிமேல் இந்த வீட்டுக்குள் தாங்கி வராது" என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால், கற்பூரம் எரிய எரிய, சத்தியம் செய்து கொடுத்தேன். போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேரம் பார்த்துச் சொன்னதும் என் மனைவி சுபோதினிதான். கற்பூரம் கொளுத்தியதும் அவள்தான். நான் செய்ததெல்லாம் கையை நீட்டியதுதான்.

தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி அல்ல. யுத்த தாங்கி. பயப்படாதீர்கள். உண்மையானதை முப்பத்தைந்தாய்ப் பிரித்து அதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கிய பிளாஸ்டிக் தாங்கி. பெட்டிக்குள் முந்நூறு துண்டாக வரும். வெட்டி, அராவி, ஒட்டி, நிறம் அடித்து, கடைசியில் துருப்பிடித்தது போலக் கறளும் சேறும் பூசி முடித்தால் இரண்டு உள்ளங்கையில் அம்சமாக நிற்கும்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. பகல் முழுக்க மற்றவர்களுடைய விபத்துகளை வாசிப்பவனுக்குப் பின்னேரத்தில் ஒரு சின்னச் சில்லை ஒட்டினால்தான் மனம் ஆறும். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில், எங்கள் ஒழுங்கையால் உண்மையான தாங்கி போனபோது கட்டிலுக்குக் கீழே கிடந்து நடுங்கியவன் நான். இப்போது ஒன்றைக் கையில் தூக்கி, மல்லாத்தி, அதன் வயிற்றை அரத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். அது சத்தம் போடாமல் கிடக்கிறது. அதில் ஒரு சுகம்.

சுபோதினிக்கு அது விளங்கவில்லை.

"சனம் முழுக்கத் தாங்கிக்குப் பயந்து கொழும்புக்கு ஓடிவந்தது. இந்த மனுசன் கொழும்புக்கு வந்து தாங்கி வாங்குது."

வெள்ளவத்தையில் எங்களுடையது இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் நாங்கள். மற்ற அறையில் சுபோதினியின் தொழில். அவள் கலியாணப் பொம்பிளைகளுக்கு அலங்காரம் செய்பவள். கொட்டாஞ்சேனை வரைக்கும் பெயர். முப்பத்தெட்டு வயதுப் பொம்பிளையை இருபத்தாறாக்கி மணவறையில் இருத்திவிடுவாள், மாப்பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. ஆகவே எனக்கு மிஞ்சியது சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை. வில்லங்கம் அங்கேதான் வந்தது.

சத்தியம் செய்த அன்று காலை சுபோதினியின் தமையனார் சாப்பிட வந்திருந்தார். மூன்றாவது வாய்ப் புட்டில் 'கடக்' என்றது.

"புட்டுக்குள்ளை கல்லு" என்றார் அவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"கல்லில்லை" என்றேன் நான். "இயந்திரத் துப்பாக்கி. ரெண்டு நாளாத் தேடினனான்."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னாலும் பரவாயில்லை, அவருடைய பாதிப் பல்லையும் என்னுடைய துப்பாக்கியையும் தட்டில் பார்த்தபோது நான் முதலில் துப்பாக்கியை எடுத்திருக்கக் கூடாது. எடுத்தாலும், "நல்ல காலம், ஒண்டும் உடையேல்லை" என்று சந்தோசப்பட்டிருக்கவே கூடாது.

அதன் பிறகுதான் கற்பூரம்.

ஆனால் ஒன்று. இருபத்தெட்டு வருடமாகக் காப்புறுதிப் பத்திரத்தில் நிபந்தனை எழுதுகிறவன் நான். எந்தச் சொல்லுக்குள் ஓட்டை விடுவது என்று எனக்குத் தெரியும். 'இந்த வீட்டுக்குள்' என்று சொன்னேனே தவிர, 'இந்தக் கட்டடத்துக்குள்' என்று சொல்லவில்லை. நாலாம் மாடியில், கட்டடமே 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ராசிக் நானா இருந்தார்.

ராசிக் நானா கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் டோஹாவில். கடல் பார்த்த ஒரு அறை சும்மா கிடந்தது. விசயத்தைச் சொன்னதும் மனுசன் துள்ளினார்.

"ஒண்டுக்கும் யோசிக்க வாணாம் அண்ணன். பெட்டிய எங்கட விலாசத்துக்கே வர வைங்க. மேசையும் இரிக்கி, லைட்டும் இரிக்கி. ஹப்ஸா ஒண்டும் பேச மாட்டா."

ஹப்ஸா அவருடைய மனைவி. அவ பேசமாட்டா என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

மூன்று கிழமையில் ரஷ்யத் தாங்கி ஒன்று கடல் கடந்து வந்தது. நானா போன் பண்ணினார். ஆர்வத்தில் நான் அக்கம்பக்கம் பார்க்கவில்லை.

"தாங்கி வந்திட்டுதோ?" என்று வாய் நிறையக் கேட்டேன்.

"என்ன தாங்கி?" பின்னால் சுபோதினி.

"தண்ணித் தாங்கி."

"அது எங்கையிருந்து வாறது? மொட்டைமாடியிலைதானே நிக்குது?"

"இல்லையப்பா... தாங்கி கழுவ ஆக்கள் வந்திட்டினமோ எண்டு கேட்டனான். பின்னேரம் தண்ணி வராதாம்."

சுபோதினி காரியக்காரி. வாளி, பானை, சட்டி, குக்கர், கடைசியில் பூ வைக்கும் கிண்ணம் வரைக்கும் தண்ணீர் பிடிக்கச் செய்தாள். பிடித்தது நான். அத்தோடு விட்டாளா? கட்டடத்தில் உள்ள அத்தனை வீட்டுக்கும் போன் பண்ணிச் சொன்னாள். எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததில், பின்னேரம் நாலு மணிக்குத் தண்ணீர் உண்மையாகவே நின்றுவிட்டது. நான் சொன்ன ஒரு பொய் அதே நாளில் உண்மையானது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்தது, தினமும் நாலாம் மாடிக்குப் போக ஒரு சாட்டு, சொல்ல ஒரு காரணம், வேண்டும். டொக்டர் அதற்கு உதவினார். "சீனி கூடியிருக்கு. பின்னேரத்திலை ஒரு மணித்தியாலம் நடவுங்கோ" என்றார். கடலோர வீதியான மரைன் டிரைவ் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஐந்தரைக்குச் சப்பாத்து மாட்டுவேன். லிஃப்டில் கீழே போவேன். வாசல் காவல்காரனுக்குத் தலையாட்டிவிட்டு, பின்படியால் நாலு மாடி ஏறுவேன். அதுவும் நடைதானே? ஒரு மணித்தியாலம் ஒட்டுவேன். ஹப்ஸா சர்க்கரையும் முட்டையும் போட்ட வட்டிலப்பம் கொண்டுவந்து வைப்பா. சாப்பிடுவேன். இறங்கும்போது குழாய்த் தண்ணீரைச் சட்டையில் தெளித்தால் வேர்வை தயார்.

"ஒரு மாசம் நடந்து மூண்டு கிலோ கூடியிருக்கிறீங்கள்" என்றாள் சுபோதினி.

"அது தசை."

"வயித்திலையோ?"

நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். அவளும் விட்டுவிட்டாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். சுபோதினி ஒன்றை விட்டாள் என்றால், அதை வேறு பக்கத்தால் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

தாங்கியை ஒட்டி முடித்தேன். இனி நிறம். இதில் ஒரு வித்தை இருக்கிறது. முதலில் கறள் நிறம் அடிக்க வேண்டும். அதன்மேல் பெண்கள் தலைமயிர் கலையாமல் அடிக்கும் ஹேர்ஸ்பிரே. அதன்மேல் பச்சை. காய்ந்ததும் ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் பச்சை அங்கங்கே உரிந்து, உள்ளே கறள் தெரியும். யுத்தம் பார்த்த தாங்கி போலவே இருக்கும். ஹேர்ஸ்பிரேக்கு நான் எங்கே போவேன்? வீட்டில், சுபோதினியின் தொழில் அறை அலுமாரியில் பதினொரு போத்தல். ஒன்றைச் சப்பாத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கப் போனேன்.

திரும்பி வந்ததும் அவள் என் தோளுக்குக் கிட்ட வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"இதென்ன மணம்?"

"என்ன மணம்?"

"ஹேர்ஸ்பிரே. உங்கடை தலையிலை எண்ணி எட்டு மயிர். அது காத்துக்குக் கலையுமெண்டு அடிச்சனீங்களோ?"

"எனக்கு முன்னாலை ஒரு பொம்பிளை நடந்தவ. அவவின்ரை தலையிலையிருந்து காத்துக்கு வந்திருக்கும்."

"அவ்வளவு கிட்டவோ நடந்தனீங்கள்?"

"காத்து பலமா அடிச்சது."

"ம்."

அந்த 'ம்' எனக்கு மூன்று நாள் நித்திரை தரவில்லை. ஆனால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் பின்னேரம் மேலே போய்த் தாங்கியைப் பார்த்தேன். நின்றபடியே நின்றேன். நான் முதல் நாள் அடித்த பச்சை திட்டுத்திட்டாக, அம்மை போட்ட பிள்ளை போல இருந்தது. இப்போது அது ஒரே சீராக, மெல்லிய நிழலும் வெளிச்சமுமாக இருந்தது. மூலைகளில் கறள். அடித்த கறள் அல்ல, பிறந்த கறள்.

"நானா, நீங்கள் தொட்டனீங்களோ?"

"அல்லாஹ்வே, நான் தொடல்ல அண்ணன். எனக்குக் கை நடுங்குறது உங்களுக்குத் தெரியுந்தானே?"

ஹப்ஸா வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு நாளுக்கு நாள் அதிசயம். ஒருநாள் சில்லுச் சங்கிலியில் காய்ந்த சேறு. மறுநாள் புகைபோக்கியில் கரி. அடுத்த நாள், மேல்மூடியில் எட்டிப் பார்க்கும் கட்டைவிரல் அளவு சிப்பாய்க்கு முகமே வந்துவிட்டது. கண்ணில் களைப்பு, தாடையில் இரண்டு நாள் தாடி. நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? எனக்குக் கைவந்துவிட்டது! முதல் நாள் ஈரத்தில் சரியாகத் தெரியாத என் வேலை, காய்ந்த பிறகு அழகு காட்டுகிறது! நானாவிடமும் அப்படியே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "இரிக்கும், இரிக்கும்" என்றார்.

அந்தத் துணிச்சலில்தான், பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த மாதிரி உருக்கள் கட்டுவோர் கண்காட்சிக்குத் தாங்கியை அனுப்பினேன். விண்ணப்பத்தை நானாவே நிரப்பினார். சனிக்கிழமை காலை தாங்கியைத் தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டும் போனார்.

"ஒஃபிஸிலை ஒரு பயிற்சி வகுப்பு" என்றேன் சுபோதினியிடம்.

"போயிட்டு வாங்கோ. எனக்கும் ஒரு கலியாணப் பொம்பிளைக்கு வேலை இருக்கு. பம்பலப்பிட்டியிலைதான்."

மண்டபத்தில் விமானம், கப்பல், தாங்கி என்று நாற்பது ஐம்பது மாதிரிகள். ஒரே ஒரு மேசையைச் சுற்றித்தான் கூட்டம். எட்டிப் பார்த்தேன். என் தாங்கி! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே புகுந்தேன். தாங்கிக்கு முன்னால் ஒரு அட்டை.

'கட்டியவர்: வ. கேதீஸ்வரன். நிறமும் நுணுக்க வேலையும்: சுபோதினி கேதீஸ்வரன்.'

அட்டைக்குப் பின்னால் பட்டுச்சேலை. சேலைக்குள் என் மனைவி. பக்கத்தில் ஹப்ஸா. சற்றுத் தள்ளி, கூரையைப் பார்த்துக்கொண்டு ராசிக் நானா.

என் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"நீர் கலியாணப் பொம்பிளைக்கு வேலை எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம். இவள்தான்" என்று தாங்கியைக் காட்டினாள்.

"எப்ப தெரியும்?"

"பதினொரு போத்தல் பத்தான அண்டைக்கு. ஆரோ ஒருத்தியின்ரை தலைக்கு அடிக்கிறீங்கள் எண்டு நினைச்சு, பிடிக்கத்தான் பின்னாலை வந்தனான். நீங்கள் பின்படியாலை ஏறினீங்கள். அடுத்த நாள் காலமை ஹப்ஸாக்காவைக் கேட்டன். அவ அறையைத் திறந்து காட்டினா." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா ஏசவேணும் எண்டுதான் வந்தனான். ஆனா நீங்கள் பூசி வைச்சிருந்த கோலத்தைப் பார்க்க மனம் கேக்கேல்லை. அரைகுறை மேக்கப்போடை ஒரு பொம்பிளையை எப்பிடி மணவறைக்கு அனுப்புறது? இவ்வளவு காலமும் வயசைக் குறைச்ச கை. முதல் தரம் ஒருத்திக்கு வயசைக் கூட்டினனான். நல்லாத்தான் இருந்தது."

நடுவர் ஒரு வயதான சிங்கள மனிதர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குனிந்து, தாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஹரிம லஸ்ஸனய்", மிகவும் அழகு, என்றார். அதிலும் பின்பக்கத்துச் சேற்றைப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு சரியான இடத்தில், இவ்வளவு சரியான கனத்தில் சேறு பூச எங்கே பழகினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சுபோதினி அடக்கமாகச் சிரித்தாள்.

நடுவர் நகர்ந்ததும் நான் காதோடு கேட்டேன். "அந்த இடத்திலை ஏன் அவ்வளவு சேறு?"

"நீங்கள் விட்ட ஒரு பிழையை மறைக்கத்தான்."

"என்ன பிழை?"

"அதை விடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன்."

இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் என் மனைவி என்மேல் சேறு பூசாமல் எனக்காகச் சேறு பூசியிருக்கிறாள். என் கண் கலங்கிவிட்டது. ஹேர்ஸ்பிரே என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிறத்துக்கும் நுணுக்க வேலைக்கும் முதற்பரிசு சுபோதினிக்கு. கட்டியதற்கு எனக்கு ஒரு பங்குபற்றியமைச் சான்றிதழ். அதிலும் என் பெயரில் ஒரு எழுத்து குறைவு.

இப்போது தாங்கி எங்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. "சத்தியம் பண்ணினது நீங்கள். நான் பண்ணேல்லையே" என்று சொல்லி அவளே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வைக்கும்போது, "உங்கடை ஒழுங்கையாலை போனதும் இப்பிடியோ இருந்தது?" என்று மெல்லக் கேட்டாள். "இதைவிடப் பெரிசு" என்றேன். "பின்னை என்ன, இது ஒண்டும் செய்யாது" என்று சொல்லி, சிப்பாயின் தொப்பியில் இருந்த தூசியை ஊதிவிட்டாள்.

சாப்பாட்டு மேசை முழுவதும் இப்போது அவளுடையது. நான் சாப்பிடுவது மடியில் தட்டை வைத்துக்கொண்டு. வருத்தமில்லை. இருவரும் சேர்ந்து அடுத்ததைத் தொடங்குவோம் என்று இருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் அவளுடைய போன் அடித்தது. அவள் கையெல்லாம் நிறமாக இருந்ததால் நான் எடுத்தேன். கண்காட்சி நடத்திய சங்கத்தின் செயலாளர், ஷிஹான் என்ற இளைஞர்.

"சுபோதினி மேடம் இரிக்கிறாங்களா? அடுத்த மாசம் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேக்கத்தான்."

"நான் அவவின்ரை கணவர்" என்றேன், குரலைக் கொஞ்சம் கனமாக்கி. "நானும் தாங்கி கட்டுறனான்."

"ஓ, தெரியுமே! பின்பக்கத்து எஞ்சின் மூடியத் தலைகீழா ஒட்டினது நீங்கதானே? பரவாயில்ல சேர், போனை மேடத்துக்கிட்டக் குடுங்க."