பேட்டரியைக் கழற்றச் சொன்ன மைத்துனருக்கு

எல்ம்கோட் படகுத்துறை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ரூபர்ட் அவர்களின் சமுகத்துக்கு,

தங்கள் தங்கை கணவன் வில்ஃபிரட் எழுதிக்கொண்டது. நான் நலம். மார்ஜரியும் நலம், என்னோடு பேசுவதில்லை என்பது தவிர. தாங்களும் தங்கள் மூட்டுவலியும் தங்கள் தன்னம்பிக்கையும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நிற்க. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு தாங்கள் நாங்கள் குடியிருக்கும் படகுக்கு விருந்துக்கு வந்ததும், மாட்டிறைச்சியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும், பிறகு பின்பக்கப் பலகையைத் தூக்கி உள்ளே இருந்த பேட்டரியை எட்டிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்ததும் நினைவிருக்கும். எங்கள் விளக்கு, தண்ணீர் பம்ப், குளிர்ப்பெட்டி எல்லாம் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுபவை. கரையிலிருந்து கம்பியில் வரும் மின்சாரம் சார்ஜருக்குப் போய், சார்ஜர் பேட்டரிக்கு ஊட்டி, பேட்டரி படகுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி கிழடாகிவிட்டது, புதிது வாங்கணும் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், "அட போய்யா! கரையிலேயே கட்டிக் கிடக்குற படகுக்கு பேட்டரி எதுக்கு? கழட்டிப் போடு! சார்ஜர்லேருந்து நேரா விளக்குக்குக் குடு! மின்சாரம் தண்ணி மாதிரிய்யா, நடுவுல தொட்டி எதுக்கு?" என்றீர்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர் சொல்கிறாரே, தண்ணீரைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

தங்கள் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த கார் சார்ஜரைத் தாங்களே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனீர்கள். சாயங்காலம் விசையைத் தட்டினேன். கல்யாண மண்டபம் கெட்டது போங்கள், அப்படியொரு வெளிச்சம்! மார்ஜரி கைதட்டினாள். தட்டிய கை இறங்குவதற்குள் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று உயிரை விட்டன, ரேடியோ புகைந்தது. தங்களுக்குப் போன் போட்டால், "அப்போ சார்ஜர் நல்லாத்தான் வேலை செய்யுது, பல்புதான் சரியில்லை"ன்னு சொல்றீங்க! பக்கத்துப் படகு ஹெட்டி வந்து பார்த்தாள். ஓய்வுபெற்ற பல் டாக்டர், வாயில் எந்நேரமும் சிகரெட். "இந்தப் பழைய சார்ஜர் மின்சாரத்த மேடும் பள்ளமுமா அனுப்பும், அதை வாங்கிச் சமமாக்குறது பேட்டரி. ஒரு பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி அது எதை மெல்லுதுன்னு பாக்க மாட்டீங்களா?" என்றாள். அதைத் தங்களிடம் சொன்னேன். "பொம்பளைக்கு என்ன தெரியும்"னீங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் மச்சான். அவளும் கேட்டா, உங்க தங்கச்சியும் கேட்டா.

அதற்குப் பிறகாவது விட்டீர்களா? தங்கள் கேரவனிலிருந்து கரை மின்சாரத்தைப் பன்னிரண்டு வோல்ட்டாக்கித் தரும், கைக்குட்டை அளவிலான ஒரு பெட்டியைக் கழற்றி அனுப்பினீர்கள். மின்சாரம் சீராகத்தான் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. புது பல்பு மாட்டினேன், விளக்கு எரியும். குளிர்ப்பெட்டி ஓடும். ஆனா தண்ணி பம்ப் கிளம்புறப்ப ஒரே மூச்சுல கேக்குற மின்சாரத்தைக் குடுக்க அதுக்குத் தெம்பில்லை, அப்படியே சுருண்டுடுது. தலை நிறைய சோப்போடு மார்ஜரி குளியலறையில் நிற்கிறாள், தண்ணியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. "வில்ஃபிரட், கூப்பிடு எங்க அண்ணனை! இப்பவே வந்து தண்ணி ஊத்தச் சொல்லு என் தலையில!" துண்டைச் சுற்றிக்கொண்டு ஹெட்டி படகுக்குப் போய் அங்கேதான் தலையை அலசினாள்.

இதெல்லாம் போகட்டும். தங்கள் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு நாங்கள் வந்திருந்தபோது, இங்கே யாரோ பள்ளம் தோண்டுகிறேன் என்று கம்பியை வெட்டித் துறை முழுக்கக் கரன்ட் போயிருக்கிறது. எல்லாப் படகிலும் பேட்டரி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. எங்கள் படகில் பேட்டரிக்குப் பதிலாகத் தங்கள் யோசனைதான் இருந்தது. பின்னால், படகை ஓட்டும் விசிறியின் தண்டு வழியாக உள்ளே சொட்டும் தண்ணீரை வெளியே துப்புகிற அடித்தளத்துப் பம்ப், கரன்ட் இல்லாமல் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. தாங்கள் கேக் வெட்டி, அனுபவசாலிகள் சொல்வதை இளைஞர்கள் கேட்க வேண்டும் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது ஹெட்டி போன் பண்ணினாள். "உங்க படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு நிக்குது. பின்னால பாதி காணோம்." அதுக்கும் தாங்கள், "பயப்படாதே, இரும்புப் படகுதானே, கெட்டி"ன்னீங்க.

எங்களுக்கு வேறு வீடு கிடையாது ரூபர்ட். வீட்டை விற்றுத்தான் இந்தப் படகை வாங்கினோம். துறையிலிருந்த அத்தனை பேரும் வாளியோடு இறங்கி இறைத்ததால்தான் இன்று எனக்கு முகவரி என்று ஒன்று இருக்கிறது. நனைந்த மெத்தைமேல் உட்கார்ந்து மார்ஜரி அழுதாள். உங்கள் பெயரைச் சொல்லித் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவளே போய் நல்ல பேட்டரியும் அதற்கேற்ற சார்ஜரும் வாங்கி வந்து, ஹெட்டியோடு சேர்ந்து மாட்டிவிட்டாள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இனி எந்தக் கம்பியையும் தொடுவதில்லை என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். தாங்களும் இந்தத் துறைப் பக்கம் தலைகாட்ட வேண்டாம், போனிலும் வேண்டாம். இந்த ஜன்மத்துக்கு நமக்குள் ஆலோசனை முடிந்தது.

தங்கள் மனைவிக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம். தங்களுக்கு நீண்ட ஆயுளும், நீண்ட மௌனமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
வில்ஃபிரட்

பின்குறிப்பு: மார்ஜரி கடைக்குப் போயிருக்கிறாள். குளிர்ப்பெட்டி லேசாக முனகியது. பின்மூடியைத் திறந்து சும்மாதான் பார்த்தேன், சத்தியமா சும்மாதான். இப்போ என் கையில ரெண்டு கம்பி மிச்சம் இருக்கு, ரெண்டும் சிவப்பு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நேரமில்லை, நானே கொண்டுவந்துட்டேன். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன், கதவைத் திறங்க மச்சான்.